விழவும் பழக்க வேண்டும்

மூளையில் பிறவிக் குறையுள்ள குழந்தைக்கு பிசியோதெரபி என்றதும், யாரோ ஒருவர் கை காலைப் பிடித்து நீட்டி மடக்கி விடுவார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எண்ணெய் தேய்த்து நீவினால் காலுக்கு உரம் ஏறிவிடும் என்று சொல்கிற பாட்டிமார்களும் உண்டு. நீவுவது குழந்தைக்குச் சுகமாக இருக்கும், அவ்வளவுதான். தானே முயன்று செய்தால்தான் அதன் மூளை பழகிக்கொள்ளும்.

என் சின்னவனுக்கு இப்போது 9 வயது. சிறுமூளை முழு வளர்ச்சி பெறாமல் பிறந்தவன். மண்டையின் பின்பக்கம், பிடரிக்கு மேலே இருக்கிற இந்தச் சிறுமூளைதான் கையை எவ்வளவு நீட்டுவது, காலை எங்கே ஊன்றுவது என்று கணக்குப் போடுகிறது. இவனுக்கு அந்தக் கணக்கு தப்பும். டம்ளரை எட்டும்போது கை ஆடும். காலை அகட்டி வைத்துத் தள்ளாடுவான். அந்த நடையைப் பார்த்து எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் செய்த கேலியை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

இளம் தாய்மார்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளட்டும். 4 மாதமாகியும் தலை நிற்கவில்லை, 9 மாதமாகியும் உட்காரவில்லை, ஒரு வயதுக்குள்ளேயே எதையும் ஒரே கையால்தான் எடுக்கிறது என்றால், "ஆம்பளப் புள்ள, மெதுவாத்தான் நடக்கும்" என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள். டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சீக்கிரம் ஆரம்பித்தால் பலன் அதிகம்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த பெண் முதல் நாளே சொல்லிவிட்டாள்: "என்கிட்ட வாரத்துல ஒரு மணி நேரம்தான் இருக்கான். மிச்ச நேரமெல்லாம் உங்க வீட்லதானே அக்கா?"

அன்றிலிருந்து வீட்டுச் சாமான்களே எங்களுக்குக் கருவிகள். பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் படிகிற உயரத்தில் ஒரு முக்காலி. பாதம் தொங்கினால் உடம்பு ஆடும், அதனால் உயரம் முக்கியம். பக்கவாட்டில் பல்லாங்குழியை வைத்தேன். உடம்பைத் திருப்பி ஒவ்வொரு குழியிலும் சோழி போட வேண்டும். போட்டதைவிடச் சிந்தியதுதான் அதிகம். சோழி பொறுக்கியே என் இடுப்பு ஒடிந்தது! ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பக்கவாட்டில் அடி வைப்பது, ஒரு முட்டியை ஊன்றி எழுந்திருப்பது எல்லாம் தினமும் உண்டு. பால் குடிக்க லேசான பிளாஸ்டிக் டம்ளரைவிடக் கனமான பித்தளை டம்ளர், அதுவும் பாதி நிரப்பியது, அவன் கைக்கு அடங்கியது.

விழுவதற்கும் பயிற்சி கொடுத்தாள். மெத்தை மேல் முட்டி போட வைத்து, மெதுவாக ஒரு பக்கம் தள்ளி, கையை முன்னால் ஊன்றச் சொல்வாள். என் மாமியாருக்கு இது பொறுக்கவில்லை. "பெத்தவளே புள்ளையத் தள்ளி விடுவாளா?" என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். நான் விடவில்லை. மூன்று வாரம் கழித்து வாசற்படியில் தடுக்கி விழுந்தவன் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டான். நெற்றி தப்பியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான். அப்புறம் பேரனை இடுப்பில் தூக்கி வைப்பதைக் குறைத்துக்கொண்டார். முழுக்க விட்டுவிட்டார் என்று சொல்ல மாட்டேன்.

சிறுமூளை இனி வளர்ந்துவிடுமா என்று கேட்பவர்களுக்கு, வளராது என்றுதான் சொல்கிறேன். இருக்கிற மூளையைக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதுதான் இந்தப் பயிற்சி. ஓரிடத்தில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஓடுவான் என்று லட்சக்கணக்கில் கேட்டார்கள். என் கணவர் நிலத்தை விற்கக்கூடத் தயாரானார். எங்கள் டாக்டர்தான் தடுத்தார். இதற்கெல்லாம் அந்த ஊசியைச் சிகிச்சையென்று பணம் வாங்கிப் போடக்கூடாது என்று 2017-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நெறிமுறையே இருக்கிறதாம். நிலம் தப்பியது.

கடையில் விற்கும் சக்கரம் வைத்த நடைவண்டியையும் வாங்கிவிடாதீர்கள். குழந்தைகள் அடிபடுவதால் கனடாவில் 2004-லேயே அதற்குத் தடை போட்டுவிட்டார்கள். சின்னவனுக்கு நாங்கள் வாங்கியது, முதுகுக்குப் பின்னால் வருகிற வாக்கர். முன்னால் சாய்ந்து தொங்க முடியாது, நிமிர்ந்துதான் நடக்க வேண்டும். கணுக்காலுக்குப் போடும் பிளாஸ்டிக் பட்டையைப் பாதம் வளர வளர மாற்ற வேண்டும். சிவந்த தழும்பு சீக்கிரம் மறையாவிட்டால் பட்டை சிறிதாகிவிட்டது என்று அர்த்தம்.

பள்ளியில் 12 படிகள். கைப்பிடியைப் பிடித்து ஏற அவனுக்கு 4 நிமிடம் ஆகிறது. மணி அடிக்கக் கால் மணி நேரம் இருக்கும்போதே போய்விடுகிறோம்; புத்தகப் பை மட்டும் என் தோளில்.