சமையலறையில் ஒரு செங்கற் கட்டில்



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் சித்தியெய்தாத மகனைப் பற்றிக் கேட்டால், "அவன் இப்ப மேசன் வேலைக்குப் போறான்" என்று பெற்றோர் குரலைத் தாழ்த்திச் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஏதோ இழுக்கு நேர்ந்துவிட்டது போன்ற தொனி அதில் இருக்கும். ஞாயிறுதோறும் நாம் முழந்தாளிடும் ஆலயத்தின் சுவர்களை எழுப்பியவர்களும் அத்தகைய பிள்ளைகளே என்பது அவ்வேளையில் எமது நினைவுக்கு வருவதில்லை. நாசரேத்து ஊரார் ஆண்டவர் இயேசுவைக் குறைத்துப் பேச முனைந்தபோதும் அவருடைய தொழிலையே எடுத்துக் காட்டினார்கள். மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் வரும் அக்கிரேக்கச் சொல், மரவேலை செய்பவரை மாத்திரமன்றி வீடு கட்டும் கைவினைஞரையும் குறிக்கவல்லது.

பெற்றோர் குரலைத் தாழ்த்துவதற்குத் தொழிலைவிட வேறொரு காரணமும் உண்டு. வேலை தேடி நகருக்குச் செல்லும் பிள்ளை பகலில் என்ன செய்கிறான் என்பது அவர்களுக்குத் தெரியும். இரவில் எங்கே படுக்கிறான், யாரோடு இருக்கிறான் என்பதே தெரிவதில்லை. அரைகுறையாக எழும்பிய மாடிக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், சீமெந்துப் பைகளுக்கு அருகே பாய் விரித்துப் படுக்கும் இளைஞனைத் தேடி முதலில் வருபவர்கள் பெரும்பாலும் நல்லவர்களாக இருப்பதில்லை.

இந்த இரவைப் பற்றிச் சிந்தித்த ஒரு குருவானவரிடம் உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அவர் வாழ்ந்தது இன்றைய இத்தாலியின் வடக்கே உள்ள துரின் நகரில். 1840களில் அந்நகர் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. புதிய வீதிகளுக்கும் மாளிகைகளுக்கும் கல் வெட்டவும், சாந்து குழைக்கவும், தளம் பதிக்கவும் மலைக் கிராமங்களிலிருந்து சிறுவர்கள் வந்து குவிந்தனர். வேலை இருக்கும் வரை கூலி. குளிர்காலம் வந்தால் அதுவும் இல்லை. 1841ஆம் ஆண்டு ஜூன் மாதம் குருப்பட்டம் பெற்ற ஜோன் பொஸ்கோ அடிகளார், அதாவது நாம் டொன் பொஸ்கோ என்று அழைக்கும் புனிதர், அந்நகரின் சிறைகளைச் சென்று பார்த்தார். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையான பிள்ளைகள் அங்கே அடைபட்டிருந்தனர். விடுதலையானவர்கள் சில நாட்களில் மீண்டும் உள்ளே வருவதையும் கண்டார். வெளியே அவர்களுக்கு ஒரு நண்பன் இருந்திருந்தால் இவர்களுள் எத்தனை பேர் திரும்பி வந்திருக்கமாட்டார்கள் என்ற கேள்வி அவரை விடவில்லை.

அதே ஆண்டு டிசெம்பர் 8ஆம் திகதி, புனித பிரான்சிஸ் அசிசியார் ஆலயத்தில் திருப்பலிக்கு ஆயத்தமாகும் வேளையில், பூசைக்கு உதவத் தெரியாத ஒரு பையனைச் சங்கிலித்தாம் அடித்து விரட்டினார். அடிகளார் அவனைத் திரும்ப அழைத்து வரச் செய்தார். பதினாறு வயது, தாய் தந்தை இல்லை, எழுத வாசிக்கத் தெரியாது, தொழில் மேசன் வேலை. பெயர் பார்த்தொலோமியோ கரெல்லி. ஞாயிறு ஒன்றுகூடல் இவனோடு ஆரம்பமாயிற்று. பல இடங்களிலிருந்து துரத்தப்பட்ட பின்னர், 1846ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று வல்தொக்கோ என்ற புறநகரில் ஒரு தாழ்வான கொட்டிலில் அது நிலைகொண்டது. வார நாட்களில் அவர் வேலைத் தலங்களுக்கே சென்று தம் பையன்களைப் பார்த்து வந்தார்.

ஆனால் ஞாயிறு முடிந்ததும் அவர்கள் எங்கே போவார்கள்? தங்க இடமற்ற சில இளைஞர்களை ஓரிரவு தம் வீட்டின் வைக்கோற் பரணில் படுக்க வைத்தார். போர்வையும் விரிப்பும் கொடுத்தார். காலையில் சென்று பார்த்தபோது அவர்களும் இல்லை, போர்வைகளும் இல்லை.

அன்பர்களே, நற்பணி செய்ய முன்வந்து ஒருமுறை ஏமாந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். அதன் பிறகு கதவு தட்டப்படும்போது கை தாழ்ப்பாளை நோக்கிப் போகத் தயங்கும். 1847ஆம் ஆண்டு மே மாதத்தில் மழை பெய்த ஓர் இரவில் அந்தக் கதவு மீண்டும் தட்டப்பட்டது. வல்சேசியா பள்ளத்தாக்கிலிருந்து வந்த, தெப்பமாக நனைந்த பதினைந்து வயது அநாதைப் பையன்; அவனும் மேசன் வேலை தேடி வந்தவனே. கையிலிருந்த மூன்று லீராவும் வேலை கிடைப்பதற்கு முன்னரே தீர்ந்துவிட்டது. அடிகளாரின் தாயார் மார்கரீத்தா அம்மையார் அவனுக்குச் சூப்பும் பாணும் கொடுத்தார்.

அடிகளார் தயங்கினார், அதைத் தம் நினைவுக்குறிப்புகளில் அவர் மறைக்கவில்லை. முன்னர் வந்தவர்கள் போர்வைகளில் ஒரு பகுதியைக் கொண்டுபோனார்கள், நீ மிச்சத்தையும் கொண்டுபோவாயோ என்று அவனிடமே கேட்டுவிட்டார். தான் ஏழை, ஆனால் திருடியதில்லை என்றான் அவன். சமையலறையில் படுக்க வைப்போம் என்றார் தாயார். பானை சட்டியும் போய்விடுமே என்றார் மகன். பார்த்துக்கொள்கிறேன் என்றார் அம்மையார்.

பிறகு நடந்ததுதான் என் மனத்தில் பதிந்த காட்சி. பையன் வெளியே சென்று சில செங்கற்களைப் பொறுக்கி வந்தான். அவற்றைக் கொண்டு நான்கு சிறு தூண்கள் அமைத்து, மேலே பலகைகளை அடுக்கி, அதன்மீது மெத்தை விரித்தார்கள். அம்மையார் உழைப்பைப் பற்றியும் நேர்மையைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்லி, அவனைச் செபிக்கச் செய்தார். சலேசியன் இல்லங்களில் இன்றும் இரவில் கூறப்படும் சிற்றுரைக்கு இதுவே தொடக்கம் என்பர். அதன் பின்னர் சமையலறைக் கதவைப் பூட்டினார்கள். விடியும் வரை அது திறக்கப்படவில்லை!

அந்தப் பூட்டைக் கண்டு நாம் முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. உள்ளே எடுத்த பிறகு பூட்டியதற்கும், உள்ளே எடுக்காமலே பூட்டுவதற்கும் இடையில் பெரிய தூரம் உண்டு.

வல்தொக்கோவில் பட்டறைகள் உடனே தோன்றிவிடவில்லை. தங்குமிடமே முதலில் வந்தது. பிள்ளைகள் பகலில் நகரிலுள்ள எசமானர்களிடம் தொழில் பழகி, மாலையில் வீடு திரும்பி எழுத்தும் கணக்கும் படித்தனர். எசமானர்களோடு எழுத்துமூல ஒப்பந்தங்களை அடிகளார் செய்துகொண்டார். 1852ஆம் ஆண்டு பெப்ரவரியில் தச்சுத் தொழில் பழகும் ஒருவனுக்காகச் செய்த ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. தவறினால் வார்த்தையால் திருத்த வேண்டும், அடிக்கக் கூடாது. தொழிலுக்குப் புறம்பான எடுபிடி வேலை வாங்கக் கூடாது. ஞாயிறும் திருநாட்களும் அவனுடையவை. ஆண்டுக்குப் பதினைந்து நாள் விடுமுறை. இன்று எமது கட்டிட வேலைத் தலங்களில் கையாளாக நிற்கும் எத்தனை பையன்களிடம் இப்படியொரு தாள் இருக்கும்? 1853இல் சப்பாத்துத் தைக்கும் பட்டறையும் தையற் பட்டறையும், 1856இல் தச்சுப் பட்டறையும், 1862இல் இரும்பு வேலைப் பட்டறையும் இல்லத்துக்குள்ளேயே வந்தன.

அவர் 1888ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் திகதி இறைவனடி சேர்ந்தார். அவருடைய சபையினர் 1956இல் எமது நாட்டுக்கும் வந்தார்கள். நீர்கொழும்பிலும் மன்னார் மாவட்டத்தின் முருங்கனிலும் அவர் பெயரால் அமைந்த பயிற்சி நிலையங்களை உங்களில் சிலர் அறிவீர்கள். உங்கள் பிள்ளைகளோ மருமக்களோ அங்கே பழகியிருக்கவும் கூடும்.

வல்சேசியாவிலிருந்து வந்த பையனுக்கு மறுநாளே அடிகளார் வேலை தேடிக் கொடுத்தார். குளிர்காலம் வரும் வரை அவன் அந்த வீட்டிலிருந்து வேலைக்குப் போய் வந்தான். அவனைத் தொடர்ந்து இரண்டாமவன் வந்தான்; பின்னர் நூற்றுக்கணக்கானோர் வந்தனர். கரெல்லியின் பெயரைப் பதிவு செய்த அடிகளார், அந்த முதல் விருந்தாளியின் பெயரை எழுதி வைக்கவில்லை. அவன் பொறுக்கி வந்த செங்கற்களை மாத்திரம் எழுதி வைத்திருக்கிறார்.