எண்ணெயே இயந்திரத்தின் உயிர்

தோட்டத்திலிருந்து பட்டணத்து மருத்துவமனைக்கும் சந்தைக்கும் சென்றுவரப் பழைய மோட்டார் சைக்கிளையே நம்பியிருப்போர் உளர். ‘டூ ஸ்ட்ரோக்’ வகை வண்டி வைத்திருப்போர் ஓர் உண்மையை மறத்தலாகாது: எண்ணெயே அதன் உயிர்.

‘ஃபோர் ஸ்ட்ரோக்’ இயந்திரத்தில் எண்ணெய் அடியில் தங்கி, மீண்டும் மீண்டும் பயன்படும். டூ ஸ்ட்ரோக்கிலோ அது பெட்ரோலுடன் உட்சென்று, பிஸ்டன் தேயாமல் காத்து, பின் எரிந்து புகையாகிவிடும். எண்ணெய் தீர்ந்தால் பிஸ்டன் சூடேறி விரிந்து சிலிண்டரில் இறுகும். பின்சக்கரம் திடீரென நின்று, ஓட்டுபவர் கீழே விழ நேரலாம். ஓடும்போது இயந்திரம் இறுகினால், உடனே கிளட்சைப் பிடித்து ஓரமாக நிறுத்த வேண்டும்.

தனி எண்ணெய்த் தொட்டியுள்ள வண்டியில், பெட்ரோல் நிரப்பும்போதெல்லாம் அத்தொட்டியையும் பார்த்தல் வேண்டும். தொட்டி இல்லையேல், தயாரிப்பாளர் குறித்த அளவிலேயே பெட்ரோலில் கலக்க வேண்டும். 20க்கு 1 என்பது, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 50 மில்லிலிட்டர் எண்ணெய். டூ ஸ்ட்ரோக்கிற்குரிய எண்ணெயையே வாங்குங்கள்.

எண்ணெய் மிகுந்தாலும் கேடுதான். பிளக்கிலும் புகைக்குழாயிலும் கரி படியும். வண்டியின் இழுவை குறையும். பிளக்கின் முனை காப்பி நிறமாயிருப்பின் நன்று. ஈரக்கரி படிந்திருப்பின் துடைத்துக் காரணம் அறிய வேண்டும். வெளுத்திருப்பின் இயந்திரம் அளவு மீறிச் சூடாகிறது என்று பொருள். செம்மண் புழுதி அடைக்கும் காற்று வடிகட்டியையும் அடிக்கடி தூய்மை செய்க.

ஒரு போத்தல் எண்ணெயின் விலை சிறிது. இறுகிய இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் செலவோ பெரிது. புறப்படுமுன் ஒரு நிமிடம் எண்ணெயைப் பாருங்கள்.