நுண்ணலை அடுப்பும் சமையலறைக் காற்றும்: கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்களை முன்னிறுத்தி ஒரு நோக்கு

1

கிழக்கிலங்கையின் பொருளாதார வாழ்வு பற்றி ஆராய்ந்தோர் நெற்காணி, நீர்ப்பாசனம், குத்தகை, கூலி என்பவற்றிற் பெருங்கவனம் செலுத்தியுள்ளனர். நெல் அரிசியாகி, அரிசி சோறாகும் இறுதிக்கட்ட உழைப்பும், அவ்வுழைப்பில் ஈடுபடுவோர் நாள்தோறும் சுவாசிக்கும் காற்றும் அத்துணைக் கவனத்தைப் பெறவில்லை. உற்பத்தி வயலோடு முடிந்துவிடுவதாகவும், வீட்டுக்குள் நடைபெறுவது உழைப்பன்று, கடமையே என்றும் கொள்ளும் மனப்பாங்கு இதற்கு ஒரு காரணம் எனலாம்.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் வீடுகளில் 'மைக்குறோவேவ்' என வழங்கும் நுண்ணலை அடுப்பை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அதற்குக் காற்றோட்டம் ஏன் வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதை முதலில் விளக்கி, பின்னர் அதே வினாவை அது வந்து சேர்ந்த சமையலறை முழுவதற்கும் விரிப்பதே இதன் நோக்கம். இயந்திரத்துக்கு வேண்டிய காற்று அச்சிட்ட கைநூலொன்றில் அளந்து கூறப்பட்டிருக்கிறது. அதனருகே நின்று உழைக்கும் பெண்ணுக்கு வேண்டிய காற்றை எவரும் அளந்து கூறவில்லை. இம்முரண்பாட்டின் சமூக வேர்களை இனங்காண்பது அவசியமாகிறது.

2

நுண்ணலை அடுப்பு போர்த் தொழில்நுட்பத்தின் வழித்தோன்றல். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராடர்க் கருவிகளுக்கு மக்னெற்றோன் குழாய்களை உற்பத்திசெய்த அமெரிக்க நிறுவனமான றேதியோனின் பொறியியலாளர் பேர்சி ஸ்பென்சர், அக்குழாயின் அலைகள் உணவைச் சூடாக்குவதை 1945 இல் அவதானித்தார். வீட்டு மேசையில் வைக்கத்தக்க அடுப்பு 1967 இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. கல்முனைக் கரைக்கு இது பெரிதும் வந்து சேர்ந்த வழி வேறு. 1977 இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின் பெருகிய மத்திய கிழக்கு வேலைவாய்ப்பே அவ்வழியாகும். அந்நாடுகளின் வீடுகளில் இவ்வடுப்பை இயக்கிப் பழகிய பணிப்பெண்ணும், அங்கு வாகனம் ஓட்டிய ஆடவனும் ஊர் திரும்புகையிற் பொதியோடு கொண்டுவந்த பொருள்களில் இதுவும் ஒன்று.

இவ்வடுப்பில் எதுவும் எரிவதில்லை. 2,450 மெகாஹேட்ஸ் மீடிறன் கொண்ட மின்காந்த அலைகள் உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை அசைவித்துச் சூடாக்குகின்றன. ஆகவே, புகையோ காபனோரொட்சைட்டோ தோன்றுவதில்லை. அவ்வாறாயின் காற்றோட்டம் எதற்கு என்ற வினா இயல்பாக எழும். ஏறத்தாழ 1,200 வாற்று மின்வலுவை உள்ளெடுக்கும் சாதாரண அடுப்பொன்று உணவுக்கு வழங்குவது 700 அல்லது 800 வாற்றே. எஞ்சிய 400 வாற்றளவு மக்னெற்றோனிலும் நிலைமாற்றியிலும் வெப்பமாகிறது. அவ்வெப்பத்தை உள்ளிருக்கும் சிறு மின்விசிறி ஒருபுறத் துளைகளால் உறிஞ்சிய காற்றைக் கொண்டு மறுபுறத் துளைகளால் வெளியேற்றுகிறது. உணவின் நீராவியும் அவ்வழியே வெளிவருகிறது. எனவே, அடுப்புக்கு மேலே ஏறத்தாழ 20 முதல் 30 சென்ரிமீற்றரும், பின்புறம் 10 சென்ரிமீற்றரும், பக்கங்களில் சில சென்ரிமீற்றரும் இடைவெளி விடுமாறு கைநூல்கள் பொதுவாகப் பணிக்கின்றன. மாதிரிக்கு மாதிரி இவ்வளவு வேறுபடுமாதலால், குறித்த அடுப்பின் கைநூல் கூறுவதே முடிவானது. மூடிய அலுமாரிக்குள் வைத்துப் பயன்படுத்துவதற்கென அமைக்கப்படாத அடுப்பை அலுமாரிக்குள் வைத்தல் தவறு.

நடைமுறையில் இவ்விடைவெளி பலவாறாக அடைபடுகிறது. சுவரோடு ஒட்டத் தள்ளி வைத்தல், மேலே பூவேலை செய்த துணியை விரித்தல், அதன்மீது பாத்திரங்களை அடுக்குதல் என்பன வழமையான காட்சிகள். துளைகளினூடாகக் கதிர்வீச்சு வெளிவரும் என்றஞ்சி அவற்றை மூடுவோரும் உளர். அவ்வச்சத்துக்கு ஆதாரமில்லை. இவ்வலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர். உலோகத் தகட்டின் சிறுதுளைகள் வழியே அது வெளியேறாதவாறே அடுப்பு வடிவமைக்கப்பட்டுள்ளது. துளைகளை மூடுவதால் அடைபடுவது வெப்பம் மட்டுமே. வெப்பம் மிகுந்தால் காப்பு ஆளி அடுப்பை நிறுத்திவிடும். அது திரும்பத் திரும்ப நிகழின் உறுப்புகளின் ஆயுள் குன்றும். கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றும் தூசியும் கரப்பான்பூச்சியும் துளைகளையும் விசிறியையும் கெடுப்பதையும் இதனோடு சேர்த்து நோக்கவேண்டும்.

இன்னுமொரு செய்தி இவ்வூர்களுக்குச் சிறப்பாகப் பொருந்துவது. இலங்கையின் மின்வழங்கல் 230 வோல்ற்று, 50 ஹேட்ஸ். சவூதி அரேபியாவினதோ 60 ஹேட்ஸ். 60 ஹேட்ஸுக்கு மட்டுமென அமைக்கப்பட்ட பழைய வகை நிலைமாற்றி 50 ஹேட்ஸில் இயங்கும்போது கூடுதலாகச் சூடேறும். அதே வேளையில் விசிறியின் வேகமும் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறையும். வெப்பம் கூடிக் காற்றுக் குறையும் இந்நிலையில், நமது காலநிலையிற் சுவரோடு ஒட்டிவைத்த அடுப்பு விரைவிற் பழுதாவதில் வியப்பில்லை. பின்புறத் தகட்டில் எழுதியுள்ள மீடிறனை வாசித்தறிவது கொண்டுவருவோரின் முதற்கடமையாதல் வேண்டும்.

3

இவ்வளவும் இயந்திரத்தின் தேவை. இனி, அது அமர்ந்திருக்கும் சமையலறையை நோக்குவோம்.

இப்பகுதி வீடுகளில் நுண்ணலை அடுப்புச் சோறு ஆக்குவதில்லை. ஆக்கிய சோற்றையும் கறியையும் மீளச் சூடாக்குகிறது. நோன்பு மாதத்து ஸஹர் வேளையில் அதன் பயன் பெரிது. ஆக்கும் வேலை எரிவாயு அடுப்பிலோ விறகடுப்பிலோ நிகழ்கிறது. வசதிபடைத்த வீடுகளிற் சமையலறையே இரண்டாகிவிட்டது. முன்னது ஓடு பதித்து, அலுமாரி வரிசை அமைத்து, விருந்தினர் கண்ணிற் படத்தக்கதாய் உள்ளது. நுண்ணலை அடுப்பின் இடம் அதுவே. பின்னது தகரம் வேய்ந்த ஒடுங்கிய குசினி. மீன் வெட்டுவதும், தேங்காய் துருவுவதும், பெரும்பானை ஏற்றுவதும் அங்கேதான். புகையும் அங்கேதான்.

'குசினி', 'யன்னல்' என்னும் இரு சொற்களும் போர்த்துக்கேய மொழியிலிருந்து நமக்கு வந்தவை. யன்னலுக்குப் பழந்தமிழில் வழங்கிய சொற்களுள் ஒன்று 'காலதர்'. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்றின் வழி என்பதே அதன் பொருள். சிலப்பதிகாரம் இச்சொல்லை மாளிகைகளை வருணிக்குமிடத்து ஆள்கிறது என்பது மனங்கொளத்தக்கது. அளந்து அமைத்த காற்று வழி அன்றும் செல்வர் மனைக்கு உரியதாயிருந்தது. எளியோர் குடிசைக்குக் கூரையின் கீற்று இடுக்கே காலதராக அமைந்தது.

கரையோரக் குசினிகளும் நெடுங்காலம் அவ்வாறே இருந்தன. வீட்டிலிருந்து சற்று விலகிய கிடுகுக் கூரையினூடே புகை கசிந்து வெளியேறிற்று. வளவைச் சூழ்ந்த கிடுகு வேலி பெண்களின் மறைவையும் காத்தது, காற்றையும் உள்ளே விட்டது. அந்நிலை சுகாதாரமானது என்று கூறுவது மிகையாகும். ஆயினும் புகைக்கு ஒரு வழி இருந்தது. அவ்வழி எவ்வாறு அடைபட்டது?

முதற் காரணம் காணி. இப்பகுதித் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு மகளுக்குச் சீதனமாக வழங்கப்படுவது. மணமகன் மணமகள் வீட்டிற்கு வந்து வாழ்வது வழக்கு. பெண்மக்கள் பலராயின் தாயின் வளவு பலவாகப் பிரிகிறது. அல்லது அதே வளவிற் புதிய வீடுகள் எழுகின்றன. கிழக்கே கடல், மேற்கே வயல், இடையே ஒடுங்கிய மணல் நிலம். ஊர் விரிவதற்கு இடமில்லை. மகளுக்குரிய பாதுகாப்பாக வழங்கப்படும் வீடே, வளவு சுருங்கச் சுருங்க, அவள் காற்றைக் குறைக்கும் வீடாகவும் மாறுகிறது.

இரண்டாவது காரணம் 2004 டிசெம்பர் 26 ஆம் திகதியின் கடற்கோள். இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அதன்பின் வடக்குக் கிழக்கிற் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டடம் எழுப்புவதற்கு விதிக்கப்பட்ட தடை பின்னர்த் தளர்த்தப்பட்டதாயினும், ஏற்கனவே நெருங்கிய ஊர்களில் நெருக்கத்தை அது மேலும் கூட்டிற்று. மீளக் கட்டிய வீடுகள் கிடுகை விட்டுச் சீமெந்துக்கு மாறின. வேலி மதிலாயிற்று. கச்சான் காலத்தில் வயல்வெளியைக் கடந்து வரும் மேல்காற்றும், பகலிற் கடலிலிருந்து வீசும் காற்றும் அயல்வீட்டுச் சுவரில் மோதித் திரும்புகின்றன. கூரை மாறியது, அடுப்பு மாறவில்லை. கிடுகு தானாகச் செய்துவந்த வேலையைச் செய்யப் புகைபோக்கி எதுவும் அமைக்கப்படவில்லை.

4

எரிபொருளுக்கேற்பக் காற்றின் தேவையும் வேறுபடும். நுண்ணலை அடுப்புக்கு வேண்டியது வெப்பம் வெளியேற இடைவெளி; நீராவி வெளியேற யன்னல். எரிவாயு அடுப்புக்குத் தேவை இருமடங்கு. எரியும்போது நைதரசனின் ஒட்சைட்டுகளும், காற்றுப் போதாவிடிற் காபனோரொட்சைட்டும் தோன்றுகின்றன. இவை சூடான காற்றோடு மேலெழுவதால் உயரத்தில் வாயில் வேண்டும். எரியாது கசியும் வாயுவோ புறொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. காற்றிலும் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரு மடங்கு பாரமானது. அது தரையிலே தேங்கும். எனவே, தாழ்விலும் ஒரு வாயில் வேண்டும். 2021 நவம்பர், டிசெம்பர் மாதங்களில் நாடெங்கும் எரிவாயு தொடர்பான வெடிப்புகள் அடுத்தடுத்து நிகழ்ந்தபோது வாயுக் கலவையின் விகிதம் பற்றி விவாதிக்கப்பட்டது. அது நியாயமான விவாதமே. ஆயின், மூடிய அறையிற் கசிவு தேங்குவதும் அதேயளவு விவாதத்துக்குரியது.

விறகடுப்பின் தேவை யாவற்றிலும் பெரிது. அதன் புகையிலுள்ள நுண்துகள்கள் நுரையீரலின் ஆழத்துக்குச் செல்பவை. வீட்டுப் புகையினால் 2020 இல் உலகெங்கும் 32 இலட்சம் பேர் மரணமடைந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைக் குடித்தனங்களில் முக்காற் பங்கிற்கு மேற்பட்டவை சமையலுக்கு விறகையே முதன்மையாகக் கொண்டிருந்தன.

விறகிலிருந்து வாயு, வாயுவிலிருந்து மின்சாரம் என்று வரலாறு நேர்கோட்டில் முன்னேறும் என எண்ணியோருக்கு 2022 ஆம் ஆண்டு விடையளித்தது. 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 1,493 ரூபாவாயிருந்த 12.5 கிலோகிராம் சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. அவ்விலைக்கும் கிடைப்பது அரிதாயிற்று. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. மின்கட்டணம் 2022 ஓகஸ்ற்றிற் சராசரி 75 வீதமும், 2023 பெப்ருவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்தது. டொலர் நெருக்கடியின் சுமை இறுதியிற் சமையலறையில் இறங்கியது. வாயுவுக்கென்று கட்டி, புகைபோக்கி வேண்டாமென்று விட்ட அறைகளில் மீண்டும் விறகு எரிந்தது. அப்புகை முன்னைய புகையிலும் கொடியது. ஏனெனில் இப்போது கூரை கிடுகன்று. நெருக்கடியின்போது பின்வாங்கத்தக்க இடமொன்றை வீட்டின் அமைப்பு விட்டு வைக்கவில்லை.

5

'மூலதனம்' முதலாம் தொகுதியில் (1867) தொழிற்சாலைச் சட்டங்களை ஆராயுமிடத்து மார்க்ஸ் காற்றின் அளவு பற்றியும் பேசுகிறார். தொடர்ந்து வேலை நடைபெறும் இடத்தில் ஆளொருவருக்குக் குறைந்தது 500 கனவடி இடம் வேண்டும் என்பதில் ஆங்கில மருத்துவர்கள் ஒத்த கருத்தினராயிருந்தனர். அவ்வளவைச் சட்டமாக்கினாற் சிறு முதலாளிகள் ஆயிரக்கணக்கில் வீழ்வர். ஆதலால் அது சட்டமாகவில்லை என்று அவர் காட்டுகிறார். மூச்சுக்காற்றும் உற்பத்தி உறவுகளுக்கு உட்பட்டது என்பதே அவரது வாதத்தின் சாரம்.

எட்டடி நீளமும் ஆறடி அகலமும் எட்டடி உயரமும் கொண்ட ஒரு குசினியை எண்ணிப் பார்ப்போம். அதன் முழுக் கனவளவு 384 கனவடி. பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர் தீ எரியாத வேலைத்தலத்துக்கு வேண்டிய அளவுகூட அதில் இல்லை. அதனுள் தீயும் எரிகிறது. தாயோடு மகளும் நிற்கிறாள். இலங்கையில் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் வேலைத்தலக் காற்றோட்டம் பற்றிப் பேசுகிறது. ஆனால் வீட்டுச் சமையலறை வேலைத்தலமாகக் கொள்ளப்படுவதில்லை. கூலி வழங்கப்படாத உழைப்பு உழைப்பாகக் கணிக்கப்படாமையே இதன் காரணம். இயந்திரம் விலை கொடுத்து வாங்கப்படுவது; பழுதானால் நட்டம் தெரியும். ஆகவே, அதற்குக் கைநூல் உண்டு. பெண்ணின் நுரையீரலுக்கு விலை குறிக்கப்படாததால் அதன் தேய்மானம் எக்கணக்கிலும் ஏறுவதில்லை.

இதிலிருந்து நுண்ணலை அடுப்பைப் பழிப்பது பொருந்தாது. அது உண்மையாகவே புகையையும் நேரத்தையும் மிச்சப்படுத்துகிறது. வேண்டப்படுவது, அதற்குக் காட்டும் அக்கறையைச் சமையலறை முழுவதற்கும் விரிப்பதாகும். எதிரெதிர்ச் சுவர்களில், ஒன்று தாழ்வாகவும் ஒன்று உயரமாகவும், மூடாத காற்று வாயில்கள். எந்த எரிபொருளைப் பயன்படுத்தினும், கட்டும்போதே கூரைக்கு மேல் உயரும் ஒரு புகைபோக்கி. காற்றை வடித்து மீண்டும் அறைக்குள்ளேயே விடும் கருவிக்குப் பதிலாக, வெளியே தள்ளும் விசிறி. மதிலின் மேற்பகுதியில் மறைவு கெடாமற் காற்றை விடும் துளைக்கற்கள். இவை பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை. ஸஹர் வேளையிற் கதவடைத்துச் சமைக்கும்போதும் இவ்வாயில்கள் திறந்திருக்கும் என்பது இவற்றின் நன்மை.

ஆயினும், தனியொரு வீடு தன் யன்னலை அயல்வீட்டுச் சுவரை நோக்கித் திறப்பதாற் பயனில்லை. வீடுகளுக்கிடையே விடப்படும் இடைவெளி கூட்டுப் பொறுப்பு. கட்டட வரைபடங்களை அங்கீகரிக்கும் மாநகர சபையும் பிரதேச சபைகளும் மலசலகூடக் குழியின் இடத்தைக் கேட்பதுபோலப் புகை வெளியேறும் வழியையும் கேட்கவேண்டும். சீதன வீட்டின் பெறுமதியைத் தரையின் பளபளப்பால் அளக்கும் குடும்பங்கள் அதன் பின்குசினியையும் பார்த்து அளக்கவேண்டும். நுண்ணலை அடுப்பின் கைநூலில், எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அத்தகைய ஒரு பக்கம் ஒவ்வொரு வீட்டு வரைபடத்திலும், அங்கு உழைப்பவரை அளவாகக் கொண்டு, எழுதப்படுதல் வேண்டும்.