கணினி ஆய்வும் மூலிகைப் பொதியும்: ஏஜென்சி எடுக்குமுன்

வியாபார சகோதரர்களே, இவ்வாரம் கொஞ்சம் விஞ்ஞானம் பேசுவோம். பயப்பட வேண்டாம். கடன் கொப்பி பார்க்கத் தெரிந்தவருக்கு இதுவும் விளங்கும்.

மூலிகைப் பொதிகளோடு வரும் விளம்பரத் துண்டுகளில் இப்போது "நுரையீரல் பாதிப்புக்குக் கணினி ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்ற வாசகம் தலைகாட்டுகிறது. யாழ்ப்பாணத்தில் நாட்டு மருந்துச் சரக்கு விற்கும் ஒரு நண்பர், அப்படியான சீனப் பொதி ஒன்றின் விநியோகத்துக்கு முற்பணம் கட்டலாமா என்று என்னிடம் கேட்டார். 'நிரூபணம்' என்பது என்னவென்று முதலில் பாருங்கள் என்றேன்.

இரண்டு கொப்பிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மூலிகையிலுள்ள இரசாயனங்களும், அவை உடம்பில் எந்தெந்தப் புரதத்தைத் தொடக்கூடும் என்பதும் இருக்கும். மற்றதில் நுரையீரல் வீங்கிப் பழுதாகும்போது சம்பந்தப்படும் புரதங்கள் இருக்கும். இரண்டிலும் பொதுவாக உள்ள பெயர்களைக் கணினி பொறுக்கி எடுக்கிறது. பிறகு பூட்டில் திறப்புப் போட்டுப் பார்ப்பதுபோல, இரசாயனத்தைப் புரதத்தில் பொருத்திப் பார்த்து -8, -9 என்று எண் தருகிறது. கழித்தல் கூடினால் பிடிப்புப் பலம் என்று கணக்கு. நம்மவர்களும் இந்தக் கொப்பி எழுதியிருக்கிறார்கள். சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தினர் 2018இல் வெளியிட்ட 'இம்ப்பாட்' தரவுத்தளத்தில் 1,742 மூலிகைகளும் 9,596 இரசாயனங்களும் இருந்தன.

இவ்வளவும் நடப்பது திரையில். ஒரு சொட்டுக் கசாயமும் காய்ச்சப்படுவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இப்படியான ஆய்வுகளில் அடிக்கடி முன்னுக்கு வரும் இரசாயனம் குவெர்செட்டின். அது எங்கள் சின்ன வெங்காயத்திலும் தாராளமாக இருக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் திருநெல்வேலிச் சந்தையில் கிலோக்கணக்கில் நிறுப்பதும் நுரையீரல் மருந்துதான்! சாப்பிட்டதில் எவ்வளவு இரத்தத்தில் சேரும், எவ்வளவு நுரையீரல் வரை போகும் என்பதைப் பொருத்திப் பார்த்த அந்த எண் சொல்லாது. குவெர்செட்டின் உடம்பில் சேர்வதோ மிகக் குறைவு.

கபசுரக் குடிநீரை எடுங்கள். சுக்கு, திப்பிலி, ஆடாதோடை, நிலவேம்பு, சீந்தில் என்று 15 சரக்கு. 2020இல் கொரோனா பரவியபோது தமிழ்நாட்டு அரசே அதை மக்களுக்குக் கொடுத்தது. அதன் இரசாயனங்கள் வைரஸின் ஸ்பைக் புரதத்தில் பிடிப்பதாகக் கணினி ஆய்வு வந்தது. பின்பு 60 பேரை வைத்து நடந்த ஒரு சோதனையின் முடிவு 2021இல் வெளியானது. குடிநீர் குடித்தவர்களிடம் வைரஸின் அளவு குறைந்ததாக அது சொன்னது. ஆனால் அந்த 60 பேரும் அறிகுறி இல்லாதவர்கள். மூச்சுத் திணறிக் கட்டிலில் கிடப்பவருக்கு அது உதவுமா என்பதற்கு அங்கே பதில் இல்லை.

கணினி ஆய்வு வீண் என்று நான் சொல்லவில்லை. ஆயிரம் சரக்கில் எதை முதலில் சோதிப்பது என்று காட்டித் தந்தால் ஆய்வாளருக்கு வருடக்கணக்கில் நேரம் மிச்சம். ஆடாதோடையின் வாசிசின் என்ற பொருளைப் பின்பற்றித்தான், பார்மசியில் சளிக்குத் தரும் புரோம்ஹெக்சின் செய்யப்பட்டது. அது ஆய்வுகூடம் கடந்து, நோயாளரிடம் பரீட்சிக்கப்பட்டே விற்பனைக்கு வந்தது.

வியாபாரி மறக்கக்கூடாத சம்பவம் ஒன்று பெல்ஜியத்தில் நடந்தது. 1990களின் தொடக்கத்தில், உடம்பு மெலிவதற்கென்று கொடுத்த குளிகைகளில் ஒரு சீன வேருக்குப் பதிலாக, பெயரில் அதை ஒத்த இன்னொரு வேர் கலந்துவிட்டது. அந்த இரண்டாவது வேர் சிறுநீரகத்துக்கு நஞ்சு. நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பழுதானது. மூலிகையின் பெயரைக் கொடுத்தால் கணினி அந்தப் பெயரைத்தான் ஆராயும். சாக்குக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. சாக்கைக் கைமாற்றுவது நாங்கள்.

ஆகவே ஏஜென்சி தருகிறேன் என்று வருபவரிடம் மூன்று கடதாசி கேளுங்கள். ஆயுர்வேதத் திணைக்களத்தின் அனுமதி. அந்தத் தொகுதிச் சரக்கில் ஈயம், பாதரசம் பார்த்த ஆய்வுகூட அறிக்கை. மனிதரிடம் சோதித்திருந்தால் எத்தனை பேர், என்ன நோய் என்ற விபரம். முதல் இரண்டும் இல்லையென்றால் முற்பணம் கட்டாதீர்கள். மூன்றாவது இல்லையென்றால் நுரையீரல் என்ற சொல்லை அட்டையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். கைதடியில் யாழ் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவப் படிப்பு நடக்கிறது. சரக்கின் பெயரில் சந்தேகம் வந்தால் அங்கே காட்டிக் கேட்பதற்கு பஸ் காசுதான் செலவு.