கிளவுட் ஏஐ சேவை 'அனுமதி இல்லை' என்கிறதா? தடை எங்கே இருக்கிறது என்று கண்டறிவது எப்படி?

புதுதில்லி: நேற்று மாலை வரை வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்குப் பதிலளித்துக்கொண்டிருந்த ஏஐ உரையாடல் சேவை, இன்று காலை '403 - அணுகல் மறுக்கப்பட்டது' என்ற ஒற்றை வரியுடன் நின்றுவிடுகிறது. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. சாவியும் பழைய சாவிதான். கட்டணமும் செலுத்தப்பட்டுள்ளது. வங்கிகள் முதல் அரசுத் துறைகள் வரை செயற்கை நுண்ணறிவு (ஏஐ) சேவைகளைப் பயன்படுத்தத் தொடங்கியுள்ள நிலையில், தகவல் தொழில்நுட்பப் பிரிவினர் எதிர்கொள்ளும் வழக்கமான சிக்கல்களில் இதுவும் ஒன்று.

இத்தகைய தருணங்களில் கோளாறு பெரும்பாலும் ஏஐ மாடலில் இருப்பதில்லை. அதைச் சென்றடையும் நெட்வொர்க் பாதையில்தான் இருக்கிறது. 'எல்லா நெட்வொர்க்குகளுக்கும் அனுமதி' என்ற அமைப்பைத் தேர்வு செய்தால் சேவை உடனே இயங்கத் தொடங்கிவிடக்கூடும். ஆனால், வாடிக்கையாளர்களின் தரவுகளைக் காத்துவந்த ஒரு பூட்டும் அத்துடன் கழன்றுவிடும். எனவே, எந்தக் கதவு மூடியிருக்கிறது என்பதைக் கண்டறிந்து, அதை மட்டும் உரியவருக்குத் திறப்பதே சரியான வழி.

கட்டுப்பாடு ஏன் தேவை?

கிளவுட் ஏஐ சேவையைப் பயன்படுத்தும் நிறுவனத்துக்கு ஏபிஐ சாவி வழங்கப்படுகிறது. நீண்ட கடவுச்சொல் போன்ற இந்தச் சாவி, நிரலுடன் சேர்ந்து பொதுவெளியில் தவறுதலாக வெளியாகிவிடுவது உண்டு. அவ்வாறு பிறர் கைக்குச் சென்றாலும், நிறுவனத்தின் நெட்வொர்க்கிலிருந்து வராத கோரிக்கையை ஏற்காமல் தடுப்பதே நெட்வொர்க் கட்டுப்பாட்டின் பணி. அதாவது, இது இரண்டாவது பூட்டு.

இந்தியாவில் இதற்குச் சட்டரீதியான முக்கியத்துவமும் உண்டு. தனிநபர் தரவுகளைக் காக்கப் போதிய பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 வகை செய்கிறது. பணப் பரிவர்த்தனைத் தரவுகளை இந்தியாவுக்குள்ளேயே சேமிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. சைபர் பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும் என்று செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் அறிவுறுத்தியது.

தடை இரு திசைகளிலும் இருக்கலாம். ஏஐ சேவையின் வாயிலில், உள்ளே வரும் கோரிக்கைகளைத் தடுப்பது ஒருவகை. அலுவலகத்தின் வாயிலில், வெளியே செல்லும் கோரிக்கைகளைத் தடுப்பது மற்றொரு வகை. சாட்ஜிபிடி, டீப்சீக் போன்ற ஏஐ செயலிகளை அலுவலகக் கணினிகளிலும் சாதனங்களிலும் பயன்படுத்துவது அரசின் தரவுகள், ஆவணங்களின் ரகசியத்தன்மைக்கு ஆபத்து என்று மத்திய நிதி அமைச்சகம் 2025 ஜனவரி 29 தேதியிட்ட சுற்றறிக்கையில் எச்சரித்தது. இத்தகைய கொள்கை முடிவால் ஏற்பட்ட தடையைத் தொழில்நுட்பக் கோளாறாகக் கருதிச் 'சரிசெய்ய' முற்படுவது விதிமீறலாகிவிடும்.

மறுப்பது யார்?

திரையில் தோன்றும் எண்ணும் வாசகமும்தான் முதல் தடயம்.

401 என்றால், சாவி தவறானது அல்லது காலாவதியானது. நெட்வொர்க்கை ஆராய வேண்டியதில்லை.

403 என்றால், கோரிக்கை சேவையின் வாயில் வரை சென்று திருப்பி அனுப்பப்பட்டிருக்கலாம். ஃபயர்வால் விதி காரணமா, பயனருக்கு உரிய பொறுப்பு ஒதுக்கப்படாதது காரணமா என்பதை உடன்வரும் வாசகம் பெரும்பாலும் உணர்த்திவிடும். மைக்ரோசாஃப்ட் அஸூர் சேவையில் ஃபயர்வால் தடுத்திருந்தால், மெய்நிகர் நெட்வொர்க் அல்லது ஃபயர்வால் விதிகளால் மறுக்கப்பட்டதாகச் செய்தி வெளிப்படையாகவே கூறும்.

429 என்றால், அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டு அளவு தீர்ந்துவிட்டது. இதுவும் நெட்வொர்க் தடை அல்ல.

பதிலே வராமல் நேரம் கடந்துபோனால், வழியில் எங்கோ கோரிக்கை தடுக்கப்படுகிறது. 443 என்ற போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மறுப்புச் செய்தியின் வடிவமும் உதவும். ஏஐ சேவைகள் பொதுவாக ஜேசன் எனப்படும் தரவு வடிவில் பதில் அனுப்புகின்றன. அதற்குப் பதிலாக அலுவலகத்தின் அல்லது பாதுகாப்பு மென்பொருளின் பெயர் தாங்கிய இணையப் பக்கம் வந்தால், தடுத்தது அலுவலக ஃபயர்வால்தான்.

'சான்றிதழ் நம்பகமற்றது' என்ற பிழை வந்தால், மறையாக்கம் செய்யப்பட்ட போக்குவரத்தை அலுவலக நெட்வொர்க் இடைமறித்துப் பரிசோதிப்பது காரணமாக இருக்கலாம். அப்போது நிரலில் சான்றிதழ் சரிபார்ப்பை அணைத்துவிடுவது ஆபத்தானது. நிறுவனத்தின் மூலச் சான்றிதழைக் கணினியில் நிறுவுவதே முறையான தீர்வு.

எந்த முகவரியை அனுமதிப்பது?

'இந்த ஐபி முகவரிகளுக்கு மட்டும் அனுமதி' என்ற பட்டியலில்தான் தவறுகள் அதிகம் நேர்கின்றன. கணினியின் அமைப்புகளில் 192.168 அல்லது 10 என்று தொடங்கும் முகவரி தெரியும். அது அலுவலகத்துக்குள் மட்டுமே செல்லுபடியாகும் உள் முகவரி. வெளியுலகம் காண்பதோ, இணைய நிறுவனம் வழங்கிய பொது முகவரியை. உள் முகவரியைப் பட்டியலில் சேர்ப்பதால் பயன் இல்லை. அஸூர் ஏஐ சேவைகளின் ஐபி விதிகள் அதை ஏற்பதும் இல்லை.

வீட்டிலிருந்து பணிபுரிவோரின் நிலை இன்னும் சிக்கலானது. பிராட்பேண்ட் ரூட்டரை அணைத்து மீண்டும் இயக்கினால் பொது முகவரி மாறிவிடக்கூடும். மொபைல் இணையத்தில் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்வது வழக்கம். அத்தகைய முகவரியை அனுமதித்தால், முன்பின் தெரியாத பலருக்கும் அந்த வாயில் திறந்துவிடும். நிலையான முகவரி கொண்ட நிறுவன விபிஎன் வழியாக இணைவதே பாதுகாப்பானது. விபிஎன் இயங்கியும் மறுப்பு தொடர்ந்தால், ஏஐ சேவைக்கான போக்குவரத்து விபிஎன் வழியாகச் செல்கிறதா, அதைத் தவிர்த்து நேரடியாக வெளியேறுகிறதா என்று சரிபார்க்க வேண்டும்.

பெயர் சரி, முகவரி தவறு

பெரிய நிறுவனங்கள் பொது இணையப் பாதையை முற்றிலும் மூடிவிட்டு, 'பிரைவேட் எண்ட்பாயிண்ட்' எனப்படும் தனி இணைப்பு வழியாக மட்டுமே ஏஐ சேவையை அணுகுகின்றன. இங்கு சிக்கல் பெரும்பாலும் டிஎன்எஸ் அமைப்பில் எழுகிறது. தளத்தின் பெயரைக் கொடுத்தால் முகவரியைச் சொல்லும் தொலைபேசிக் கையேடு போன்றது டிஎன்எஸ். தனி இணைப்பு தயாராக இருந்தும் கையேட்டில் பழைய பொது முகவரியே இருந்தால், கோரிக்கை மூடிய வாயிலுக்குச் சென்று 403 பெற்றுத் திரும்பும்.

இதைச் சோதிக்க 'என்எஸ்லுக்அப்' என்ற கட்டளை போதும். சேவையின் பெயரைக் கொடுக்கும்போது நிறுவனத்தின் உள் முகவரி கிடைத்தால் டிஎன்எஸ் சரியாக உள்ளது. பொது முகவரி கிடைத்தால், அஸூரில் தனியார் டிஎன்எஸ் மண்டலம் மெய்நிகர் நெட்வொர்க்குடன் இணைக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். நிறுவனம் சொந்த டிஎன்எஸ் சர்வரைப் பயன்படுத்தினால், அஸூருக்குள் இருந்து 168.63.129.16 என்ற முகவரிக்கு அந்தக் கேள்வி அனுப்பப்பட வேண்டும். அலுவலகக் கட்டடத்தில் உள்ள சர்வரால் இந்த முகவரியை நேரடியாக அணுக முடியாது. இடையில் அஸூருக்குள் ஓர் அனுப்புநர் தேவை.

பொது அணுகலை மூடிய பிறகு, சர்வரில் இயங்கும் செயலி வேலை செய்தும் பிரௌசரில் திறக்கும் சோதனைப் பக்கம் வேலை செய்யாமல் போகலாம். அந்தப் பக்கம் ஊழியரின் கணினியிலிருந்தே சேவையை அழைப்பதே காரணம்.

அமேசான், கூகுள் சேவைகளில்...

அமேசானின் பெட்ராக் சேவையில், மாடல்களை நிர்வகிக்க ஓர் இணைப்புமுனையும், அவற்றிடம் பதில் பெற வேறோர் இணைப்புமுனையும் உள்ளன. முதலாவதற்கு மட்டும் தனிப் பாதை அமைத்தால், மாடல்களின் பட்டியல் தெரியும், பதில் வராது. கோரிக்கைகளைப் பல மண்டலங்களுக்குப் பிரித்தனுப்பும் வசதியைத் தேர்வு செய்தால், 'மும்பை மண்டலம் மட்டும்' என்ற நிறுவனக் கொள்கையுடன் அது மோதி மறுப்பு வரும். இந்த இடத்தில் கொள்கையைத் தளர்த்துவதற்கு முன், தரவு எங்கு செல்லும் என்ற கேள்விக்கு விடை காண வேண்டும்.

கூகுள் கிளவுடில், சேவைகளைச் சுற்றி பாதுகாப்பு எல்லை வகுக்கும் வசதி உண்டு. அந்த எல்லை தடுத்தால், மறுப்புச் செய்தியில் ஒரு தனி அடையாளக் குறியீடு இருக்கும். நிர்வாகி அதைத் தணிக்கைப் பதிவேட்டில் தேடினால், எந்த விதி தடுத்தது என்பது தெரிந்துவிடும்.

நிர்வாகியிடம் என்ன சொல்வது?

'வேலை செய்யவில்லை' என்ற புகாரால் பயன் இல்லை. மறுப்பு எண், முழு வாசகம், கோரிக்கை எண், பொது முகவரி, சேவையின் பெயர், நேரம் ஆகியவற்றை அளிக்க வேண்டும். கிளவுட் பதிவேடுகள் பொதுவாக உலகப் பொது நேரத்தில் இருக்கும். இந்திய நேரம் காலை 10.30-க்கு நிகழ்ந்த பிழை, அதில் காலை 5.00 மணிக்குரியதாகப் பதிவாகியிருக்கும். புகாருடன் ஏபிஐ சாவியை ஒருபோதும் அனுப்பக் கூடாது.

விதியை மாற்றினால் அது நடைமுறைக்கு வரச் சில நிமிடங்கள் ஆகலாம் என்பதால், உடனே அடுத்த மாற்றத்தைச் செய்யாமல் காத்திருப்பது நல்லது. காரணத்தைக் கண்டறிவதற்காகப் பொது அணுகலைத் திறந்தே ஆக வேண்டும் என்றால், உண்மையான வாடிக்கையாளர் தரவு இல்லாத சோதனைச் சேவையில், உரிய ஒப்புதலுடன் செய்ய வேண்டும். சோதனை முடிந்ததும் மூடிவிட வேண்டும்.

பயன்பாட்டில் இல்லாத முகவரிகளைப் பட்டியலிலிருந்து நீக்குவதும் அவசியம். நிறுவனம் கைவிட்ட பொது முகவரி நாளை வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். பட்டியலில் அது நீடிக்கும் வரை, இரண்டாவது பூட்டு அந்த நபருக்குத் திறந்தே இருக்கும்.