கோழிக் குஞ்சு வளர்த்தல்

திருவிழாக் கடைத்தெருவில் சிறுவரின் கண்ணைக் கவரும் பொருள்கள் பல. பொம்மைகளும் ஊதல்களும் வளையல்களும் ஒருபுறம் இருக்க, அட்டைப் பெட்டிக்குள் நெருங்கி நின்று 'கீச்சு கீச்சு' என ஒலிக்கும் கோழிக் குஞ்சுகளையும் அங்கே காணலாம். பச்சை, சிவப்பு, ஊதா எனப் பல வண்ணச் சாயம் ஏற்றப்பெற்ற அக்குஞ்சுகளை விரும்பாத சிறுவர் இலர். நான் ஏழாம் வகுப்பில் பயின்ற ஆண்டில், எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவின்போது, சேர்த்து வைத்திருந்த காசைக் கொடுத்து அத்தகைய குஞ்சுகள் ஆறு வாங்கி வந்தேன். அவற்றைப் பெட்டி ஒன்றில் இட்டு அரிசியும் நீரும் வைத்தேன். இரண்டு நாள்கள் அவை துள்ளித் திரிந்தன. மூன்றாம் நாள் காலையில் இரண்டு குஞ்சுகள் விறைத்துக் கிடந்தன. ஐந்தாம் நாள் மாலைக்குள் ஆறும் மடிந்தன.

கண்ணீரோடு நின்ற என்னை நோக்கி என் பாட்டியார், "தம்பி, நீ தீனி கொடுத்தாய், தண்ணீர் கொடுத்தாய், தாயைக் கொடுத்தாயா?" என்று வினவினார். அவ்வினாவின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. தாய்க்கோழி தன் குஞ்சுகளுக்குச் செய்யும் பணிகள் யாவை, தாயில்லாத குஞ்சுகளுக்கு அப்பணிகளை நாம் எவ்வாறு செய்தல் வேண்டும் என்பவற்றை அறிந்தவரே குஞ்சு வளர்த்தலில் வெற்றி பெறுவர். அவற்றை இப்பாடத்தில் காண்போம்.

இன்று நம் வீட்டு முற்றத்தில் மேயும் கோழியின் முன்னோர் காட்டில் வாழ்ந்தவர். ஆசியாவின் காடுகளில் வாழும் செந்நிறக் காட்டுக்கோழியிடமிருந்தே வீட்டுக்கோழி தோன்றியது. சில கோழிகளின் கால்கள் மஞ்சளாக இருப்பதற்குக் காரணமான மரபுக்கூறு, நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வாழ்கின்ற சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்பதை அறிவியலார் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எத்தனை தலைமுறை வீட்டில் வளர்ந்தாலும், கிளறித் தின்னலும், மேட்டில் ஏறி உறங்கலும், நிழல் கண்டு அஞ்சி ஒளிதலும் ஆகிய காட்டு இயல்புகள் கோழியை விட்டு நீங்கவில்லை. அவ்வியல்புகளை அறிந்து நடத்தலே வளர்ப்பவரின் முதற் கடமை ஆகும்.

கோழி அடை காக்கும் காலம் 21 நாள்கள். நாட்டுக்கோழி ஒன்றற்குப் பத்து முதல் பன்னிரண்டு முட்டைகள் வைத்தல் போதும். அதற்கு மேல் வைப்பின், அதன் உடற்சூடு எல்லா முட்டைகட்கும் சமமாகக் கிட்டாது. அடைக்கோழி நாள்தோறும் பன்முறை முட்டைகளை அலகால் புரட்டிவிடும். ஏழெட்டு நாள்கள் கழிந்தபின், இருட்டறையில் கைவிளக்கின் ஒளியை முட்டையின் அடியிற் பாய்ச்சிப் பார்த்தால், கருவுற்ற முட்டையுள் சிலந்திவலை போன்று செந்நிற நரம்புகள் தோன்றும். ஒன்றும் தோன்றாது தெளிவாக இருப்பது கூமுட்டை ஆகும், அதனை அகற்றிவிடலாம்.

இருபத்தொன்றாம் நாள் குஞ்சு தன் அலகின் நுனியிலுள்ள சிறு கூர்முளையால் ஓட்டை உடைத்து வெளிவருகின்றது. அதற்குச் சற்று முன்னர், எஞ்சிய மஞ்சட் கரு முழுவதும் குஞ்சின் வயிற்றினுள் இழுத்துக் கொள்ளப்படும். இக்கட்டுச்சோறு இரண்டு நாள்களுக்குக் குஞ்சினைத் தாங்கும். பொரிப்பகங்களிலிருந்து ஒரு நாட் குஞ்சுகளைத் தொலைவூர்களுக்கு அனுப்ப இயல்வதும் இதனாலேயே. என் குஞ்சுகள் முதல் இரு நாள்கள் துள்ளியதும் பெரும்பாலும் நான் இட்ட அரிசியால் அன்று. உடன் கொண்டு வந்த கருவாலேயே ஆகும்.

தாய்க்கோழி செய்யும் பணிகளுள் தலையாயது வெப்பம் தருதல். வளர்ந்த கோழியின் உடற்சூடு ஏறத்தாழ 41 செல்சியசு பாகை. ஆயின், புதிதாகப் பொரிந்த குஞ்சு தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் பெறுவதில்லை. அதன் மேனியிலுள்ள மென்மயிர் காண்பதற்கு அழகியதேயன்றிக் குளிரைத் தடுக்கவல்லது அன்று. இறகு முளைத்து நிறைவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரையில் தாயின் சிறகே அதற்குப் போர்வை. தாயில்லாவிடத்து முதல் வாரத்தில் 35 பாகை வெப்பம் வேண்டும். பின்னர், வாரந்தோறும் 3 பாகை வீதம் குறைத்து வருதல் வேண்டும்.

இவ்வெப்பத்தை மின்விளக்கால் தரலாம். இக்காலத்தில் மிகுதியாக வழங்கும் எல்.இ.டி. விளக்குகள் ஒளி தருமேயன்றிப் போதிய சூடு தாரா. ஆதலின், பழைய முறைக் குண்டு பல்பே இதற்கு ஏற்றது. பத்துக் குஞ்சுகட்கு 60 வாட் பல்பு ஒன்று பொதுவாகப் போதும். அதனை வலிய கம்பியாற் கட்டித் தொங்கவிடுதல் வேண்டும். விளக்கு அறுந்து உமியின்மேல் விழின் தீப்பற்றும் என்பதை மறத்தல் கூடாது. விளக்கினை நடுவில் தொங்கவிட்டு, ஓரங்களில் குளிர்ந்த இடமும் இருக்குமாறு விடுக. வேண்டும்போது நெருங்கவும் வேண்டாதபோது விலகவும் குஞ்சுகளுக்கு இடம் வேண்டும்.

வெப்பம் போதுமா என்பதை அறியக் கருவி இல்லையேல் கவலையில்லை. குஞ்சுகளே சிறந்த வெப்பமானிகள். விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்கிக் கத்தினால் குளிர் மிகுதி என்பதும், விளக்கை விட்டு விலகி வாய் திறந்து மூச்சிரைத்தால் சூடு மிகுதி என்பதும், எங்கும் பரவி நின்று மேய்ந்தும் உறங்கியும் இருந்தால் வெப்பம் அளவானது என்பதும் தெளிவு. சித்திரை வெயிலில் பகற்பொழுதில் விளக்கே வேண்டாதிருக்கலாம். மார்கழி இரவில் அஃது இன்றியமையாதது.

குஞ்சுகள் இருக்கும் இடம் வட்டமாக அமைதல் நன்று. மூலைகள் உள்ள பெட்டியில், அச்சமோ குளிரோ நேரும்போது குஞ்சுகள் மூலையில் நெருங்கி ஒன்றையொன்று மிதித்து மூச்சடைத்து மாளும். ஒன்றரை அடி உயரமுள்ள அட்டையையோ மூங்கிற் பாயையோ வட்டமாக வளைத்துக் கட்டினால் இத்தீங்கு நேராது. தரையில் நெல் உமியையோ மரத்தூளையோ இரண்டு அங்குல உயரம் பரப்புதல் வேண்டும். வழவழப்பான தாளின்மீது மட்டும் குஞ்சுகளை விடுதல் ஆகாது. கால் வழுக்கி, இரு கால்களும் அகன்று, குஞ்சு நடக்க இயலாமற் போகும்.

தாய் செய்யும் இரண்டாம் பணி, நீரையும் உணவையும் காட்டிக் கொடுத்தல். தாய்க்கோழி தரையைக் கொத்திக் குரல் கொடுப்பதைக் கேட்டே குஞ்சுகள் உண்ணக் கற்கின்றன. தாயில்லாக் குஞ்சினை வீட்டுக்குக் கொண்டுவந்தவுடன், முதலில் அதன் அலகை மெல்ல நீரில் தோய்த்து எடுத்தல் வேண்டும். ஒருமுறை சுவைத்த குஞ்சு தானே குடிக்கும். அதனைப் பார்த்து ஏனையவும் குடிக்கும். நீர்த்தட்டு ஆழமற்றதாக இருத்தல் வேண்டும். அதனுள் கூழாங்கற்களை இட்டுவைத்தால் குஞ்சுகள் விழுந்து நனையா. நனைந்த குஞ்சு குளிரால் மடியும்.

உணவைப் பொறுத்தவரை, நான் செய்த தவறு அரிசியை மட்டும் இட்டதாகும். வளரும் குஞ்சின் உணவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதம் இருத்தல் வேண்டும். அரிசியில் அவ்வளவு இல்லை. கடைகளில் விற்கும் குஞ்சுத் தீவனத்தை முதல் எட்டு வாரங்களுக்குத் தருவது எளிய வழி. அதனோடு நொய், கம்பு, பொடித்த மக்காச்சோளம், நறுக்கிய முருங்கைக்கீரை ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பழக்கலாம். உப்பிட்ட கருவாட்டைத் தருதல் கூடாது. உப்பு மிகுதி குஞ்சுக்கு நஞ்சாகும்.

நம் சிற்றூர் மக்கள் புரதத்திற்குக் கண்டறிந்த வழி ஒன்றுண்டு. பழைய பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு ஆகியவற்றை அடைத்து, நீர் தெளித்து, கறையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைப்பர். மறுநாட் காலையில் பானையுள் திரண்டிருக்கும் கறையான்களைக் குஞ்சுகளுக்குத் தட்டிக் கொட்டுவர். வீட்டை அரிக்கும் பகை, குஞ்சுக்கு விருந்தாவது காண்க.

பூஞ்சணம் பிடித்த தீனியை ஒருபோதும் இடற்க. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. ஆராய்ந்தபோது, அவை உண்ட நிலக்கடலைப் பிண்ணாக்கிற் படிந்த பூஞ்சணத்தின் நஞ்சே காரணம் எனத் தெரிந்தது. அந்நஞ்சுக்கு 'அஃப்ளாடாக்சின்' எனப் பெயரிட்டனர். ஈரமற்ற இடத்தில் தீனியைக் காத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதை இந்நிகழ்ச்சி காட்டும்.

மூன்றாம் பணி துப்புரவு. தாய்க்கோழி தன் குஞ்சுகளை ஓரிடத்தில் நிறுத்துவதில்லை; நாளெல்லாம் இடம் மாற்றி மேய்க்கின்றது. ஆதலின், எச்சத்தின்மேலேயே குஞ்சுகள் நிற்கும் நிலை அங்கு நேர்வதில்லை. நாமோ அவற்றை ஓரிடத்தில் அடைத்து வைக்கின்றோம். குஞ்சுகளைத் தாக்கும் இரத்தக் கழிச்சல் நோய்க்குக் காரணமான நுண்ணுயிர் எச்சத்தின் வழியே வெளிவந்து, ஈரத்திலும் சூட்டிலும் முதிர்ந்த பின்னரே பிற குஞ்சுகளுக்குத் தீங்கு செய்யும் ஆற்றல் பெறுகின்றது. உமியை நாள்தோறும் கிளறி உலர்த்தி, நனைந்த பகுதியை உடனே அகற்றினால் அந்நோய் பெரிதும் தடைப்படும். குஞ்சின் பின்புறத்தில் எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தால், வெந்நீரில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்து, ஈரம் உலரச் செய்தல் வேண்டும்.

நான்காம் பணி காவல். பருந்தின் நிழல் தரையிற் பட்டவுடன் தாய்க்கோழி ஒருவகைக் குரல் எழுப்பும். குஞ்சுகள் ஓடி ஒளியும். காகம், பூனை, கீரி, பெருச்சாளி, பாம்பு ஆகியனவும் குஞ்சுகளுக்குப் பகையே. பகலில் பஞ்சாரத்தால் மூடி வைத்தலும், இரவில் எலி நுழையாத கூண்டில் அடைத்தலும் வேண்டும்.

தாயாலும் செய்ய இயலாத பணி ஒன்றுண்டு. அது நோய்த் தடுப்பு. வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய் பரவினால் ஓர் ஊரின் கோழிகள் அனைத்தும் சில நாள்களில் மடியக்கூடும். இமயமலைப் பகுதியிலுள்ள இராணிக்கெட் என்னும் ஊரின் பெயரே இந்நோய்க்கு நம் நாட்டில் வழங்குகின்றது. நோய் வந்தபின் தீர்க்கும் மருந்து இல்லை. வருமுன் காக்கும் தடுப்பு மருந்து உண்டு. பொரிந்த ஐந்து முதல் ஏழு நாள்களுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு துளி இடப்படும். பின்னர், கால்நடை மருத்துவர் கூறும் முறைப்படி மீண்டும் தருதல் வேண்டும். இம்மருந்தைக் குளிர்ச்சியிலேயே வைத்தல் வேண்டும். வெயிலில் கொண்டு வந்தால் அதன் ஆற்றல் கெடும். மேலும், குஞ்சினைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுதல் நமக்கும் நலம் பயக்கும். அன்பு மிகுதியால் அதனை முத்தமிடுதல் ஆகாது.

முதன்முறை வளர்ப்போர் பத்துக் குஞ்சுகளுக்கு மேல் வாங்க வேண்டா. கண் ஒளியுடனும், கால் நிமிர்ந்தும், தொப்புள் உலர்ந்தும் இருக்கும் குஞ்சுகளைத் தேர்க. சிறுவிடை முதலிய நாட்டு இனங்கள் நம் வெயிலைத் தாங்குவன. கடைத்தெருவில் சாயமேற்றி விற்கப்படுவன பெரும்பாலும் முட்டையினக் கோழிகளின் சேவற் குஞ்சுகள். முட்டை இடா என்பதாலும், விரைவில் சதை பிடியா என்பதாலும் பொரிப்பகத்தில் முதல் நாளிலேயே ஒதுக்கப்பட்டவை அவை. வெப்பமும் நீருமின்றி நெடுநேரம் அலைக்கழிந்தபின் நம் கைக்கு வருகின்றன. அவற்றைக் காப்பது அனுபவம் உடையோர்க்கும் அரிது.

அடுத்த ஆண்டு தைத் திங்களில் என் பாட்டியார் தம் கோழி ஒன்றை அடைவைத்து, அதன் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார். பன்னிரண்டு முட்டைகளில் பத்துப் பொரிந்தன. ஒன்றைக் காகம் கொண்டு சென்றது, இரண்டு நோயுற்று இறந்தன, ஏழு வளர்ந்தன. ஒரு மாலையில் மழை தூறியபோது, தாய்க்கோழி சிறகை விரித்து அமர, ஏழு குஞ்சுகளும் அதனுள் புகுந்து மறைந்தன. ஒரு குஞ்சின் தலை மட்டும் இறகுக்கிடையே தோன்றி என்னை நோக்கியது. பாட்டியார் கேட்ட வினாவின் பொருள் அன்று எனக்கு விளங்கிற்று.

மாணவர்களே! ஓர் உயிரை விலை கொடுத்து வாங்குதல் எளிது. அதற்குத் தாயாக இருத்தலே அரிது. வெப்பமும் நீரும் உணவும் துப்புரவும் காவலும் தர இயலும் எனில் குஞ்சு வளர்க்கத் தொடங்குங்கள். இயலாதெனில், கடைத்தெருவில் அதனைக் கண்டு மகிழ்ந்து, வாங்காமல் வருதலும் அவ்வுயிர்க்குச் செய்யும் அருளேயாகும்.