அறிந்தும் பேசாதார்

கந்தோர் ஒன்றிலே கணக்கொன்று பிழைபடுகின்றது. எழுதுவினைஞர் அதனைக் காண்கின்றார். பக்கத்து மேசையில் இருப்பவரும் காண்கின்றார். ஒப்பமிடும் மேலதிகாரி ஒருவரே காணாதிருக்கின்றார். ஆறு மாதம் சென்று விசாரணை நடைபெறும்போது, "எமக்கு அப்பொழுதே தெரியும்" என்போர் பலர். தெரிந்தவர் ஏன் சொல்லவில்லை? அச்சமே காரணம் என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடுவர். இடமாற்றம் வரும், பதவியுயர்வு தடைப்படும் என்னும் அச்சம் மெய்யானதே. ஆயினும் அது முழு விடையாகாது என்பதற்குப் பெருந்துயரமான நிகழ்ச்சியொன்று சான்றாக உள்ளது.

1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் திகதி, ஸ்பானிய ஆட்சிக்குட்பட்ட கனேரித் தீவுகளுள் ஒன்றில், விமான நிலையத்திலே குண்டு வெடித்தது. அதனால் அங்கு செல்லவிருந்த விமானங்கள் அயலிலுள்ள தெனெரீப் தீவின் சிறிய நிலையத்துக்குத் திருப்பப்பட்டன. அவற்றுள் இரண்டு, போயிங் 747 என்னும் பெருவிமானங்கள். ஒன்று ஒல்லாந்தின் கே.எல்.எம். நிறுவனத்தினது, மற்றையது அமெரிக்காவின் பான் அமெரிக்கன் நிறுவனத்தினது. மாலையில் மூடுபனி கவிந்தது. ஒல்லாந்த விமானம் ஓடுபாதையின் முனையிலே புறப்பட ஆயத்தமாக நின்றது. அமெரிக்க விமானமோ அதே பாதையில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒன்றன் கண்ணுக்கு மற்றொன்று புலப்படவில்லை.

ஒல்லாந்த விமானத்தின் தலைமை விமானி, தம் நிறுவனத்தில் ஏனைய விமானிகளுக்குப் பயிற்சியளித்து வந்த மூத்தவர். விளம்பரங்களிலே படம் வெளிவருமளவுக்குப் புகழ் பெற்றவர். பக்கத்திலிருந்த துணை விமானியைச் சோதித்து, அவ்வகை விமானத்தைச் செலுத்தத் தகுதியுடையவரென ஏறத்தாழ இரு மாதங்களுக்கு முன் சான்று வழங்கியவரும் அவரே. தலைவர் விசையைக் கூட்டியபொழுது, அனுமதி இன்னும் வரவில்லையே எனத் துணை விமானி ஒருமுறை தடுத்தார். அது தமக்குத் தெரியுமென்றும், கேட்குமாறும் தலைவர் சொன்னார். கட்டுப்பாட்டுக் கோபுரம் வழங்கியது வான்வழி பற்றிய விவரத்தை மாத்திரமே. புறப்படும் அனுமதியை அன்று. அவ்விவரத்தைத் துணை விமானி திருப்பிச் சொல்லி முடிக்குமுன்னரே விமானம் ஓடத் தொடங்கிற்று. இம்முறை அவர் தடுக்கவில்லை.

பின்னிருந்த பொறியியலாளர் வானொலியிலே கேட்ட சில சொற்களால் ஐயுற்று, அமெரிக்க விமானம் பாதையை விட்டு விலகவில்லையா என்று வினவினார். விலகிவிட்டது என்று தலைவர் அழுத்தந்திருத்தமாக விடையிறுத்தார். பொறியியலாளர் அதற்குமேல் பேசினாரல்லர். சில வினாடிகளில் இரு விமானங்களும் மோதின. மாண்டவர் 583 பேர். ஒல்லாந்த விமானத்திலிருந்த 248 பேருள் ஒருவரேனும் தப்பவில்லை.

பனியும், ஒரே நேரத்தில் எழுந்த இரு குரல்கள் வானொலியிலே ஒன்றையொன்று மறைத்தமையும், வேலைநேர வரம்பு கடந்துவிடுமே என்ற அவசரமும் இவ்விபத்துக்குக் காரணங்களாயின. ஆயினும் இங்கே நம் கருத்துக்குரியது வேறொன்று. வாய் மூடியவர் தம் பதவியைக் காத்துக்கொண்டாரில்லை. தம் உயிரையே இழந்தார். அவரை அடக்கியது தண்டனை பற்றிய அச்சம் மாத்திரமாயின், அதனினும் பெரிய அச்சம் அவரைப் பேசவைத்திருக்க வேண்டுமன்றோ? "இத்துணை அறிந்தவர் தவறுவாரா? தவறியது என் செவியாகலாம்" என்று மனம் தன்னையே சந்தேகிக்கின்றது. அச்சத்தினும் மதிப்பே நாவை வலுவாகக் கட்டுகின்றது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. கீழுள்ளவர் தம் ஐயத்தை வினாவாக மாற்றியே வெளியிடுவர். "ஐயா, இதனை மறுமுறையும் பார்த்தால் நல்லதோ?" என்பது நம் கந்தோர்களின் மொழி. "இது பிழை" என்பதே அதன் பொருள். வினாவுக்கோ ஒரு சொல்லில் விடை கூறி அப்பாற் சென்றுவிடலாம். சொல்லியும் சொல்லாததாக முடிகின்ற இந்நிலையும் மௌனத்தின் பாற்பட்டதே.

ஆதலால் ஊழியருக்குத் துணிவில்லை என்று குறைகூறுவது எளிது, பயன் சிறிது. இடித்துரைப்பாரைத் துணையாகக் கொள்ளும் பொறுப்பினை வள்ளுவரும் அரசன்மேலேயே வைத்தார். பாடசாலைகளின் ஆசிரியர் கூட்டத்திலே, கைக்கடிகாரத்தைப் பார்த்தவாறு "வேறு கருத்து உண்டோ?" என்று கேட்கும் தலைவருக்கு வேறு கருத்து எங்ஙனம் கிடைக்கும்?

அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளிலே மருந்து வழங்குவதில் நேரும் பிழைகளை ஆராய்ந்து 1996இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நல்ல தலைமையுள்ள பிரிவுகளிலே பிழை குறைந்திருக்குமென எதிர்பார்த்தவருக்கு, அங்கேதான் மிகுதியான பிழைகள் பதிவாகியிருக்கக் கண்டு வியப்புண்டாயிற்று. அங்குள்ளோர் பிழையை மறைக்கத் தேவையின்றி வெளிப்படையாகக் கூறினர் என்பதே அவர் கண்ட விளக்கம். பிழையே இல்லையென அறிக்கை வருமிடத்தில் மகிழ்வதற்கு முன் சற்று ஐயுறுவது தகும்.

விமானத்துறை இதனைப் பெருவிலை கொடுத்தே கற்றது. 1979இல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் இதுபற்றிக் கருத்தரங்கொன்றைக் கூட்டியது. 1981இல் யுனைற்றெட் விமான நிறுவனம் விமானக்குழு முழுவதற்கும் பயிற்சியளிக்கத் தொடங்கியது. தலைவர் கருத்துக் கேட்கவும், இளையவர் தம் ஐயத்தை வினாவாக அன்றி வெளிப்படையாகக் கூறவும், விடை பொருந்தாவிடின் மீண்டும் வற்புறுத்தவும் அதிலே பழகுகின்றனர்.

சத்திரசிகிச்சைக்கென உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியலிலும் இவ்வெண்ணத்தின் சாயலைக் காணலாம். கத்தி உடலிற் படுமுன், அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் தொழிலையும் உரக்கச் சொல்லுதல் வேண்டும். ஒருமுறை குரலெழுப்பிய இளந்தாதிக்கு, அரைமணி கழித்து "நில்லுங்கள்" என்று சொல்வது அவ்வளவு கடினமாயிராது.